வெள்ளச் சேறு அள்ளுவோர் பாதுகாப்பு

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் வெள்ளத்தில் அமிழ்ந்தன; மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. இத்தகைய வெள்ளம் மலக்குழியின் கழிவை வீதிக்குக் கொணரும். வடிந்தபின் எஞ்சும் சேற்றிலுள்ள எலிக்காய்ச்சற் கிருமி பாத வெடிப்பின் வழியாகவும், வாந்திபேதிக் கிருமி கழுவாத கையின் வழியாகவும் உடலுட் புகும்.

ஆதலால் சேறு அள்ளுவோர் முழங்காலளவு ரப்பர் பூட்சும் கையுறையும் அணிதல் வேண்டும். புண்ணை நீர் புகாவண்ணம் மூடுதல் அவசியம். சோப்பிட்டுக் கை கழுவுமுன் உண்பதும், வெற்றிலை போடுவதும், பீடி பிடிப்பதும் ஆகா. பின்னர்க் காய்ச்சல் கண்டால், சேற்றில் உழைத்த செய்தியை வைத்தியருக்கு முதலிலேயே உரைத்தல் நலம்.

மலக்குழியிலோ எவரும் இறங்கலாகாது. அங்குள்ள நச்சுவாயு மிகும்போது மூக்கின் மோப்பம் மரத்துவிடும். நாற்றமில்லை என நம்பியவர் மாள்வர். காப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கருவி அளிப்பது வேலை ஏவுவோரின் கடமையேயன்றித் தயவன்று.