வீட்டுக்குள் வெயில் வருமா?

ஏற்காடு சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. சாமிக்கு இருட்டு சரி, நமக்கு ஆகுமா? சுமார் 5,300 அடி உயரம், பனிமூட்டம் வேறு. வெயில் படாத ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு அதிகமாகும்.

அங்கே வீடு கட்டப் போறீங்களா? பிளான் போடும் முன்பே காலை, மதியம், மாலை மனையில் நின்று நிழல் விழும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கில் 30 அடி மரம் இருந்தால், நடுப்பகலிலேயே சமதரையில் சுமார் 21 அடிக்கு நிழல் விழும். வீட்டை அதைத் தாண்டித் தள்ளிக் கட்டுங்கள்.

ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி உயரமென்றால், அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 14 அடி வரைதான் வெளிச்சம் நன்றாகப் பரவும். 20 அடி ஹாலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னல் வேண்டும். படுக்கையறைக்குக் கிழக்கு ஜன்னல் நல்லது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மூடிய கண்ணாடி வழியே வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. அதற்கு வாசலில்தான் உட்காரணும்!