கண்டதும் கேட்டதும்

காண், கேள் முதலியன புலனறிவை உணர்த்தும் வினைகள். இவை ஏற்கும் தொடரின் அமைப்பு மாறினால் பொருளும் மாறும். திருச்சிராப்பள்ளி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில், துவாக்குடியில் நிகழ்ந்த விபத்தொன்றைப் பற்றி இருவர் கூறுவதாகக் கொள்வோம்.

1. அவன் விரைந்து வந்ததைக் கண்டேன்.
2. அவன் விரைந்து வந்தான் என்று கேள்விப்பட்டேன்.

முதல் தொடரில் ‘வந்தது’ காலம் காட்டும் தொழிற்பெயர். இரண்டாம் வேற்றுமை உருபேற்றுச் செயப்படுபொருளாகிறது. கூறுபவர் நிகழ்ச்சியை நேரே கண்டவர். இரண்டாம் தொடரில் ‘வந்தான்’ வினைமுற்று. ‘என்று’ அதனை அடுத்த வினையோடு இணைக்கிறது. கூறுபவர் பிறர் சொல்லக் கேட்டவர்.

நேரே கண்டதை ஆங்கிலத்தில் கூறும்போது ‘ஹீ’ என்பது ‘ஹிம்’ எனத் திரியும். தமிழில் ‘அவன்’ எழுவாயாகவே நிற்கும். ‘அவனை விரைந்து வந்ததைக் கண்டேன்’ என எழுதுதல் பிழை.

வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்தது. கேட்டவரைக் கண்டவராக எழுதிவிட்டால், குற்றமற்றவர்மீதும் பழி விழக்கூடும். எனவே, இவ்வேறுபாட்டை அறிந்து எழுதுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்:
நாளிதழ்ச் செய்தி ஒன்றில் கண்டு கூறியவற்றையும் கேட்டுக் கூறியவற்றையும் வகைப்படுத்துக.