குறையாக் கொடை

பொருளைக் கொடுத்தால் கொடுத்தவர் கையில் அது குறையும். அறிவைக் கொடுத்தாலோ அது குறைவதில்லை. ஆயினும், தாம் கண்ட தொழில் நுட்பங்களைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து வைத்தலே பலர்க்கு வழக்கமாயிற்று. அவ்வழக்கத்திற்கு மாறாக, ஒரு பொறியின் வரைபடத்தை உலகத்தார்க்குப் பொதுவாக்கிய அறிஞரின் செயலை இங்குக் காண்போம்.

அச்செயலுக்கு வழிகாட்டியாக அமைந்தது மென்பொருள் துறையில் எழுந்த ஓர் இயக்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அதனைப் பயன்படுத்துவோர்க்கு அச்செய்தி உடனே தெரியுமாறு அவர் நிரலைத் திருத்தியிருந்தார். 1980 ஆம் ஆண்டையொட்டி அங்கே புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிலும் தாள் சிக்கியது; ஆனால், அதன் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்நிரலை வைத்திருந்த ஒருவரை நேரிற் கண்டு கேட்டார். பிறர்க்குத் தருவதில்லை என வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். குறை இன்னதென அறிந்தும் அதனைத் திருத்த இயலாத நிலை ஸ்டால்மனின் உள்ளத்தை வருத்திற்று. ஆதலின், யாவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமையுடைய கட்டற்ற மென்பொருளை ஆக்கும் குனூ திட்டத்தை 1983 ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார்.

மென்பொருளைப் படியெடுத்தல் எளிது. பொறியோ அத்தகையதன்று; அதற்கு மூலப்பொருளும் உழைப்பும் வேண்டும். ஆகவே, வன்பொருளில் யாவர்க்கும் வழங்கத்தக்கது அதன் வரைபடமே ஆகும். வரைபடம் கிடைத்தாலும் உறுப்புகளைச் செய்யப் பட்டறை வேண்டுமன்றோ?

இவ்விடரை நீக்க வழி கண்டவர் இங்கிலாந்திலுள்ள பாத் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏட்ரியன் போயர் ஆவார். நெகிழியை உருக்கிப் படலத்தின்மேற் படலமாக இட்டுப் பொருள்களை உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி முன்னரே இருந்தது. அதன் விலையோ மிகுதி. அத்தகைய பொறி தன் உறுப்புகள் பலவற்றைத் தானே செய்யுமாயின், ஒன்றிலிருந்து மற்றொன்று பெருகும் என அவர் எண்ணினார். 2005 ஆம் ஆண்டில் ரெப்ராப் என்னும் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களையும் நிரல்களையும் பொதுவாக்கினார். திருத்தி வழங்குவோர் தம் திருத்தத்தையும் பொதுவாக்குதல் வேண்டும் என்பது அதன் உரிமத்தில் அமைந்த விதி. பல நாட்டார் அப்பணியில் ஒன்றுகூடி உழைத்தனர். முதற்பொறி டார்வின் எனப் பெயர் பெற்றது. அது செய்த உறுப்புகளைக் கொண்டு அமைந்த சேய்ப்பொறி 2008 ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கிற்று. மோட்டார், திருகாணி, உலோகக் கம்பி முதலியவற்றை மட்டும் வெளியிலிருந்து பெற நேர்ந்தது.

பின்னர், செக் நாட்டு இளைஞராகிய யோசெப் புரூசா அப்பொறியின் அமைப்பை எளிதாக்கி, அவ்வரைபடத்தையும் வெளியிட்டார். அதனால் அவர் வறுமையுற்றாரல்லர். அத்தகைய பொறிகளைச் செய்து விற்கும் தொழிலகம் ஒன்றை நிறுவி வளம் பெற்றார்.

2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, மருத்துவர்க்கு வேண்டிய முகக்காப்புகள் போதிய அளவிற் கிடைக்கவில்லை. புரூசாவின் குழுவினர் முகக்காப்பின் வரைபடம் ஒன்றை ஆக்கி வெளியிட்டனர். பல நாட்டு மக்களும் தம்மிடமிருந்த பொறிகளால் அதனைச் செய்து மருத்துவமனைகளுக்கு வழங்கினர்.

ஒருவர் மறைத்த நிரலால் ஓர் அறையிலிருந்தோர் இடருற்றனர். பலர் கூடித் திருத்திய வரைபடமோ, அதனை ஆக்கினோர் கண்டறியாத ஊர்களிலும் உயிர் காப்போர்க்குக் கவசமாயிற்று. கற்றதை மறையாது பிறர்க்கு வழங்குதலே கல்வியின் பயனாகும்.