கால்நடை மருந்தகம் போகும்முன்…

நாய்க்குட்டி கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். வாந்தியையும் மலத்தையும் செல்போனில் படம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. வாயில்லா ஜீவனுக்காக நாம்தானே பேச வேண்டும்!

தடுப்பூசி முடியாத குட்டியை மருந்தகத் தரையில் இறக்கிவிடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். குட்டிகளுக்கு ஆபத்தான பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். இதற்கான முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில்; அடுத்தடுத்த ஊசிகள் 3, 4 வார இடைவெளியில். வெறிநோய் ஊசி 3 மாத வயதில். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பூனைக்கு மூடியுள்ள கூடைதான் சரி. உள்ளே அது தினமும் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் விரியுங்கள். பழகிய வாசனையில் பாதி பயம் அடங்கிவிடும்.

உடம்பு சுடுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடவே கூடாது. அரை மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடலாம். தொட்டால் சுடுவதெல்லாம் காய்ச்சல் அல்ல; நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடு என்பதும் நினைவிருக்கட்டும்.

நாயின் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, ஈறே வெளிறிக் கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.