மவுசை அக்கா கையில் கொடுத்தோம்

சங்கரன்கோவிலில் பி.எட். படித்தபோது, ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு பாடத்தைக் கணினி வைத்து நடத்திக் காட்டச் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது பத்தாம் வகுப்புக் கணக்கில் நேர்கோட்டின் சாய்வு. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் அடங்கியிருந்த வாரம். தோழி வீட்டு முன்னறையில் கூடினோம். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே தொண்டை கட்டிவிட்டது.

லேப்டாப் என்னுடையது என்பதால் கணினி வேலை எனக்கு. கையெழுத்து அழகாக இருந்தவளுக்கு ரெக்கார்டு. எங்களில் மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், அவருக்குச் சார்ட். பாடம் நன்றாகவே போனது, பாராட்டும் கிடைத்தது. ஆனால் ஐந்து பேரில் நான்கு பேர், கோடு வரைந்து காட்டிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் தொட்டே பார்க்கவில்லை. நானோ, பிள்ளைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தெரிந்ததையே திரும்பச் செய்துவிட்டு, கற்றுக்கொண்டோம் என்று நினைத்திருந்தோம்.

கல்வி உளவியலில் ஜிக்சா முறை பற்றிப் படித்திருந்தோம். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் ஒட்டாமல் இருந்தபோது எலியட் ஆரன்சன் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருவர் சொல்லித்தராவிட்டாலும் யாருக்கும் பாடம் முழுதாகாது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்த இதை, அதே சாய்வுப் பாடத்தை வைத்து எங்கள் மேலேயே போட்டுப் பார்த்தோம். தெரியாதவர்தான் மவுஸைப் பிடிக்க வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம், கை நீட்டக் கூடாது. இந்த ஒரு விதிதான்.

“எனக்கு அதைத் தொடவே பயமா இருக்குட்டி” என்றார் சார்ட் போட்ட மூத்த அக்கா.

“நீங்க நகத்துங்கக்கா, ஒண்ணும் ஆகாது.”

சாய்வை மாற்றும் ஸ்லைடரை நகர்த்தினார். கோடு நிமிர்ந்தது, படுத்தது. பூஜ்யத்தைத் தாண்டியதும் மறுபக்கம் சரிந்தது. “அப்போ மைனஸ்னா இறக்கமா?” என்று அவர் கேட்டதும்தான், வகுப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் புரிந்தது. கை நீட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்கள் முதல் நாளே எழுத்துருவைப் பேசி முடித்துவிடுங்கள். எங்களில் இருவர் பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பென் டிரைவை வேறு கணினியில் போட்டதும் தமிழெல்லாம் புரியாத குறிகளாகிவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க மறுபடி அடித்தோம். எல்லோரும் யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. பாடப்புத்தகத்து க்யூஆர் கோடை வகுப்பில் நின்று ஸ்கேன் செய்துகொண்டிருக்க வேண்டாம். திக்‌ஷா செயலியில் அதன் வீடியோவை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை. மார்க்குஸ் ஹோஹென்வார்டர் என்ற ஆஸ்திரியர் 2001-இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது; பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசம்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் அக்கா அதே சாய்வுப் பாடத்தை எடுத்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்லைடரை இரண்டு தடவை நகர்த்தியிருப்பார், கரன்ட் போய்விட்டது. எனக்குப் பகீரென்றது. அவர் பையிலிருந்து பூக்கட்டும் நூலை எடுத்தார். கரும்பலகையில் இரண்டு அச்சுகளை வரைந்து, நூலின் ஒரு முனையை நடுப்புள்ளியில் பிடிக்க ஒரு பிள்ளையை நிறுத்தினார். மறுமுனையை இன்னொருத்தி கையில் கொடுத்து, “மெல்ல மேல தூக்கு” என்றார்.

“சாய்வு கூடுது டீச்சர்!”

“இப்போ கீழே கொண்டு வா. இன்னும் கீழே.”

நூல் அச்சைத் தாண்டி இறங்கியபோது, முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்று, “மைனஸ்!” என்று கத்தினான்.