பள்ளி வாசலும் பிள்ளைகளின் இருதயமும்

இருதய நோயும் நீரிழிவும் வயது முதிர்ந்த பட்டணவாசிகளுக்கே உரியவை என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் நிலவுகிறது. இது தவறு. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இருதயங்களைச் சோதித்த மருத்துவர்கள், 1953-இல் தம் முடிவை வெளியிட்டனர். சராசரி 22 வயதினரான அவர்களுள் முக்கால் பங்கினருக்கு மேல் இருதய இரத்தக் குழாய்களில் நோயின் அடையாளம் தென்பட்டது. வாய்க்காலில் வண்டல் ஒரே நாளில் படிவதில்லை அல்லவா? குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவதும் அத்தகையதே. அது இளம் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சர்க்கரையின் கதையும் இதுவே. இரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவது இன்சுலின் என்னும் சுரப்பு நீர். ஓடியாடும் பிள்ளையின் தசை அதனை எளிதில் ஏற்கும். உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையின் உடலிலோ இன்சுலினின் ஆற்றல் குன்றி, வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்புச் சேர்கிறது. மெலிந்து தோன்றும் பிள்ளைக்கும் இது நேரலாம்.

ஆவடியைச் சுற்றியுள்ள வெள்ளானூர், மோரை, பாலவேடு முதலிய ஊர்களில் விளைநிலம் மனைகளாக மாறி வருவதை வாசகர் அறிவர். வரப்பில் நடந்து பள்ளி சென்ற தந்தையின் பிள்ளை இன்று ஆட்டோவில் செல்கிறது. வீடு திரும்பியதும் கையில் செல்பேசி. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இப்பகுதியில் ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றபோது, விளையாட்டுத் திடலின் பாதியை ஜல்லியும் செங்கல்லும் அடைத்திருக்கக் கண்டேன். யாருடையவை என்று சற்றுக் கடுமையாகவே வினவினேன். ஒன்றியத்து வேலைக்காக வந்து, வேலை முடிந்தும் அகற்றப்படாதவை என்று தலைமையாசிரியர் பணிவுடன் விடையளித்தார். வினவியவன் தலைகுனிய நேர்ந்தது. அவற்றை அகற்ற ஒரு டிராக்டரும் அரை நாளுமே தேவைப்பட்டன.

பள்ளி வாசலுக்கு எதிரிலேயே ஒரு பெட்டிக்கடை. சரம் சரமாக வறுவல் பொட்டலங்கள், வண்ணப் பானங்கள். இத்தகைய பானம் 200 மில்லி லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். பிள்ளைகளுக்கு உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டுமென அமெரிக்க இருதயச் சங்கம் 2016-இல் வரையறுத்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்றலாகாது என 2020-ஆம் ஆண்டின் மத்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. பஞ்சாயத்து அங்கத்தினருள்ளும் இதனை அறிந்தோர் சிலரே. கடைக்காரரும் நம் ஊராரே. அவர் பிழைப்பைக் கெடுப்பது நோக்கமன்று. அவித்த வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு இவற்றை அதே இடத்தில் தாராளமாக விற்கலாம்.

வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையே முதலில் அக்கடையை நாடுகிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கான காலைச் சிற்றுண்டித் திட்டம் 2023 ஆகஸ்டு 25 அன்று மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டதன் பயனை இக்கண்கொண்டும் காணலாம்.

அடுத்த கிராம சபையில் இதனைப் பொருளாகச் சேர்க்க விரும்பும் அங்கத்தினர், முன்னதாக ஒரு மாலை அளவுநாடாவுடன் சென்று, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் எதுவரை செல்கிறதென அளந்து வருவது நன்று. கடைக்காரரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.