ரத்த குரூப் ஒத்துப்போனா போதுமா? ஸ்டெம் செல் தானத்தில் மரபணு பார்க்கும் வேலை

‘ரத்தப் புற்றுநோயாளிக்கு ஸ்டெம் செல் தேவை. ஓ பாசிட்டிவ் உள்ளவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.’ இப்படி ஒரு தகவல் உங்க வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். உடனே ஃபார்வர்டு பண்ணத் தோன்றும், நல்ல மனசுதான். ஆனா ஸ்டெம் செல் தானத்தில் ரத்த குரூப் ஒரு தடையே இல்லை. ஓ குரூப்காரரின் ஸ்டெம் செல்லை பி குரூப் நோயாளிக்குச் செலுத்தலாம். செல்கள் வேர்பிடித்த சில மாதங்களில் நோயாளியின் ரத்த குரூப்பே ஓ ஆக மாறிவிடும்!

அப்படின்னா டாக்டர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்? எச்.எல்.ஏ. என்ற மரபணுக்களை. ஆறாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணுக்கள், நம் செல்களின் மேல் ஒரு வகை அடையாள அட்டையைத் தயாரித்து ஒட்டுகின்றன. நம் நோய் எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்த்துத்தான் ‘இது நம்ம ஆள், இது வெளியாள்’ என்று முடிவு செய்கின்றன. மனிதருக்கு மனிதர் இந்த அட்டையில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு.

எச்.எல்.ஏ. மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே பொட்டலமாக அடுத்த தலைமுறைக்குப் போகும். அப்பாவிடம் இரண்டு பொட்டலம், அம்மாவிடம் இரண்டு. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று வரும். அதனால் கூடப்பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. இரண்டு பேர் இருந்தால் 44, மூன்று பேர் இருந்தால் 58 சதவீதம். ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ குடும்பங்களில் நோயாளிக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணனோ தங்கையோதான். நாலில் மூன்று குடும்பங்களுக்கு வீட்டுக்குள் முழுப் பொருத்தம் கிடைக்காது என்று அர்த்தம்.

நம்ம ஊரில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கல்யாணம் செய்த குடும்பங்களில் ஒரே பொட்டலம் இரண்டு பக்கமும் சுற்றிவருவதால், சில சமயம் அப்பாவோ அம்மாவோ சித்தப்பா பிள்ளையோகூட முழுசாகப் பொருந்திவிடுவார்கள். இதைக் கேட்டு சொந்தத்தில் கல்யாணம் பண்ணக் கிளம்பிவிட வேண்டாம்! தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பையும் கூட்டுவது இதே வழக்கம்தான்.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? சிறுநீரக மாற்றில் நோயாளியின் உடம்பு புது உறுப்பை எதிர்க்கும். இங்கே கதை தலைகீழ். புதிதாக வந்து குடியேறுவதே கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள். அவை நோயாளியின் தோல், குடல், கல்லீரல் மூன்றையும் ‘வெளியாள்’ என்று நினைத்துத் தாக்கும். அமெரிக்காவில் உறவல்லாதவரிடம் ஸ்டெம் செல் பெற்ற 3,857 பேரை ஆராய்ந்து 2007-இல் ஒரு கணக்கு வெளியானது. பார்த்த எட்டு இடங்களும் பொருந்தியவர்களில் 52 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள். ஒரே ஒரு இடம் தவறியவர்களில் அது 43 சதவீதம். சிகிச்சை அதன்பிறகு நிறைய முன்னேறிவிட்டது. ஆனாலும் ஒரு மரபணுவின் எடை எவ்வளவு என்பதை அந்த வித்தியாசம் காட்டுகிறது.

முழுசாகப் பொருந்தினாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அக்காவின் செல் தம்பிக்குப் போனால், தம்பியின் ஆண் குரோமோசோம் உண்டாக்கும் புரதங்கள் அதற்குப் புதுசு. தாக்குதல் வாய்ப்பு கொஞ்சம் கூடும். நோயாளியின் சொந்த மரபணுவும் குறுக்கே வரும். வேலூர் சி.எம்.சி. 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனை. மாற்று செய்துகொண்ட தலசீமியா நோயாளிகளை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு இது: மருந்து நச்சைச் சமாளிக்க உதவும் ஒரு நொதியின் மரபணு பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு, மாற்றுக்குப் பிறகு கல்லீரலின் நுண் ரத்தக்குழாய் அடைப்பு அதிகமாக வந்தது. ஒரே வார்டு, ஒரே மருந்து, ஆனா ஒருவர் தேறுகிறார், பக்கத்துப் படுக்கைக்காரர் கஷ்டப்படுகிறார். இது யாருடைய கவனக்குறைவாகவும் இல்லாமல் இருக்கலாம்.

வீட்டில் பொருத்தம் இல்லாதவர்களுக்கு இன்று இரண்டு வழி. ஒன்று, அப்பா, அம்மா, பிள்ளை போன்ற பாதிப் பொருத்தக்காரரிடம் எடுப்பது. மாற்று முடிந்த 3, 4-ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்து, தாக்கும் செல்களை அடக்கும் முறை வந்த பிறகு இது பரவலாகிவிட்டது. இன்னொன்று, கொடையாளர் பதிவேடு. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். அதில் இந்தியர்கள் சில லட்சம் பேர்தான். எச்.எல்.ஏ. வகைகள் இனத்துக்கு இனம், ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-இல் கணக்கிட்டபோது, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம், தெற்காசியருக்கு 33 சதவீதம். நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

பதிவு செய்வது சுலபம். 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் 18 முதல் 50 வயதுவரை சேரலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுப்பார்கள், அவ்வளவுதான். பொருத்தம் வந்தால் ஐந்து நாள் ஊசி, பிறகு பிளேட்லெட் தானம் போல சில மணி நேரம் இயந்திரம் வழியாக ரத்தம் ஓடும். எலும்பைத் துளைத்து எடுப்பது இப்போது குறைவு. ஊசி போடும் நாட்களில் உடம்புவலி, தலைவலி இருக்கும். தானம் முடிந்ததும் தணிந்துவிடும்.

ஆனா ஒரு விஷயத்தை யோசித்துவிட்டுப் பதியுங்கள். மாற்றுக்கு முன்பு கடும் மருந்து கொடுத்து நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் ‘வீட்டில் வேண்டாம்கிறாங்க’ என்று கொடையாளர் பின்வாங்கினால், நோயாளிக்குத் திரும்பிப்போக வழியில்லை. வீட்டில் பேசவேண்டியதைப் பதிவதற்கு முன்பே பேசிவிடுங்கள். போன் நம்பர் மாறினால் பதிவேட்டுக்கும் சொல்லுங்கள்.

நோயாளியின் குடும்பத்துக்கு: எலும்பு மஜ்ஜை மாற்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உயர் சிகிச்சைகளில் ஒன்று. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையில் உள்ள திட்டத்தின் உதவி மையத்தில் கேளுங்கள்; முன்அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். எச்.எல்.ஏ. பரிசோதனைக்கு முதலில் கூடப்பிறந்தவர்களையும் பெற்றோரையும் அழைத்துப் போங்கள். சொந்தத்தில் நடந்த கல்யாணம் என்றால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம்.